ஒரு காலுக்கு மருந்து, ஒரு காலுக்கு மெழுகு

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் என் குதிகாலுக்காகக் கைதட்டினார்.

ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதுவரை என் முகத்துக்காகக்கூட யாரும் கைதட்டியதில்லை. குதிகாலுக்கு...?

அதுவும் நான் என்ன சொன்னதற்கு? “வெடிப்பு அப்படியேதான் இருக்கு, கொஞ்சம்கூடச் சரியாகல” என்று சொன்னதற்கு. இத்தனைக்கும் களிம்பு கொடுத்தவரே அவர்தான்!

மருந்து கொடுத்தவரிடம் போய்ச் சரியாகவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? கோபப்படுவார். இல்லையென்றால் ‘ஒழுங்கா பத்தியம் இருந்தீங்களா?’ என்று பழியை நம் மேல் திருப்புவார். கைதட்டுவாரா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். பெரிய உருளையாக வருகிற துணியைச் சின்னச் சின்ன ரோல்களாக வெட்டித் தள்ளுகிற மெஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை சிமெண்டுத் தரையில் நிற்கிற வேலை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. எழுத வரும், பேச வராது. பஸ்ஸில் ‘இங்க நிப்பாட்டுங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, கிருஷ்ணன்கோவிலில் இறங்க வேண்டியவன் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அந்த ரகம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தெந்த ஊரிலோ, யார் யார் காயத்துக்கோ இங்கிருந்து கட்டுத்துணி போகிறது. அதைச் செய்து அனுப்புகிற எங்கள் கால்களைப் பார்த்தால்... மழை ஏமாற்றிய கண்மாய்! அப்படி ஒரு பித்தவெடிப்பு. பனிக்காலத்தில் ரத்தம்கூட எட்டிப் பார்க்கும். கீழே கிடக்கிற பேண்டேஜ் நூல் அந்த வெடிப்பில் மாட்டிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். ஆனாலும், குதிகால் வெடிப்புக்கு யாராவது ஆஸ்பத்திரி போவார்களா?

அந்த வெடிப்பைத் தேடிக்கொண்டு ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். பெயர் மாரீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். தோளில் பெரிய பை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் பையோடு வந்தால் எங்கள் கண் எங்கே போகும்? பால்கோவா!

பையைத் திறந்தார். உள்ளே களிம்பு டியூப்கள்.

“வெட்டுக்காயப் பூண்டு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார்.

தெரியாமலா? நீளக் காம்பின் உச்சியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றி வெளிறிய இதழ். ரோட்டோரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் இலையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிய தலைமுறை நாங்கள்.

“அதுல இருந்து சத்தைப் பிரிச்சு எடுத்துக் களிம்பா செஞ்சிருக்கேன். லேப்ல கிருமி மேல போட்டுப் பாத்தாச்சு. தோல் செல் மேல போட்டுப் பாத்தாச்சு. நல்லா வருது. இனிமே மனுசங்க கால்ல பாக்கணும். அதுக்கான கமிட்டி அனுமதி குடுத்துட்டாங்க. தோல் டாக்டர் ஒருத்தரும் மேற்பார்வைக்கு இருக்காரு. இங்க யாருக்கெல்லாம் பித்தவெடிப்பு இருக்கு?”

பெண்கள் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் காலை மடக்கி பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

பேக்கிங்கில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் எழுந்தார். ஆள் ஒல்லி. குரல் மட்டும் எங்கள் கம்பெனி சங்கைவிடப் பெரியது.

“என்ன எல்லாரும் ஊமையாயிட்டிய? தாயி, எனக்கு இருக்கு. அந்தா உக்காந்திருக்காரு பாரு, அந்த அண்ணன் காலையும் பாரு. வெடிப்புக்குள்ள மினி பஸ்ஸே போயிட்டு வரலாம்!”

கூட்டம் சிரித்தது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“கூச்சப்படாம நீட்டுங்கண்ணே. அவிய என்ன மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்காவ? காலைத்தான பாக்கப் போறாவ!”

நீட்டினேன். வேறு வழி? மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து, குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, வெளிச்சம் பார்த்து, மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார். என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் இத்தனை அக்கறையாகப் படம் பிடிக்கவில்லை.

என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் காலை நீட்டினார்கள். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு டியூப். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி.

“ஒண்ணுல மருந்து இருக்கு. இன்னொண்ணு வெறும் மெழுகுக் களிம்பு. ஆளுக்கு ஆள் மாறும். யாருக்கு எதுல மருந்துன்னு எனக்கே தெரியாது. எங்க கைடு, அதான் எங்க புரொபசர், அவருக்கு மட்டும்தான் தெரியும். படுக்கப் போகும்போது காலைக் கழுவித் துடைச்சிட்டு, வலது காலுக்குச் செவப்பு மூடி, எடது காலுக்கு நீல மூடி. மாத்திரக் கூடாது. ஒரு மாசம்.”

எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

மாரீஸ்வரி பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். பேச்சியம்மாள் இரண்டு மூடியையும் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“அண்ணே, மோந்து பாருங்க. இதுல பச்சிலை வாட அடிக்கி. இதுல மெழுகுவத்தி வாட!”

முடிந்தது. கைடு பூட்டி வைத்த ரகசியம் ஒரு டீ குடிக்கும் நேரம் தாங்கவில்லை. எனக்குச் சிவப்பு மூடியில் பச்சிலை வாசம். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்ப எடது காலுக்கு?”

“அதுக்கு மெழுகு.”

“ஏன், அது என்ன பாவம் பண்ணுச்சு? நாள் பூரா ரெண்டு காலுந்தான நின்னுச்சு? பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கிற ரெண்டு பிள்ளையில ஒண்ணுக்குப் பாயசமும் ஒண்ணுக்குத் தண்ணியும் ஊத்துவாவளா? ஓரவஞ்சனை பண்ணுன பாவம் நமக்கு வேண்டாம்.”

என் இடது காலுக்காக இப்படி வாதாட ஒரு ஆள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். சிவப்பு மூடியை இரண்டு காலுக்கும் பூசினேன்.

ஒரு மாதம் முடிந்து மாரீஸ்வரி வந்தார். போட்டோ எடுத்தார். ஒவ்வொருவரிடமும் கேட்டார். வலது கால் எப்படி? இடது கால் எப்படி?

“ரெண்டும் சூப்பரா இருக்கு தாயி!”

“பஞ்சு மாதிரி இருக்கு!”

“நல்லா இருக்கும்மா,” என்றேன் நானும், தரையைப் பார்த்துக்கொண்டு.

நல்லது சொன்னால் சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்போம்? அவர் முகம் வாடிக்கொண்டே போனது. பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்படியே ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா?” என்றேன்.

“ரெண்டு காலும் ஒண்ணு போல ஆறியிருக்கு அண்ணாச்சி. அப்படின்னா, மெழுகை விட என் செடியில ஒண்ணும் கூடுதலா இல்லைன்னு அர்த்தம். எங்க கைடு மொதல்லயே சொல்லிட்டாரு, வித்தியாசம் தெரியலன்னா இந்தச் செடியை மூட்டை கட்டி வச்சிட்டு வேற தலைப்புப் பாருன்னு. வருசக்கணக்கா இந்தச் செடி ஒண்ணுதான் அண்ணாச்சி எனக்கு வேலை. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்...”

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பேச்சியம்மாள் தலையைச் சொறிந்தார்.

“தாயி... ஒண்ணு சொன்னா வையக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“எல்லாரும் பச்சிலை வாட அடிக்கிறதையேதான் ரெண்டு காலுக்கும் பூசினோம்.”

மாரீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப இன்னொரு டியூப்?”

“எங்க வீட்டுக் கதவு கிரீச் கிரீச்சுன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. கீல்ல போட்டேன். இப்ப சத்தமே இல்ல!”

பின்னாலிருந்து இன்னொரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் எங்க மாமியாருக்குக் குடுத்தேன். முழங்கால் வலிக்குத் தேச்சாவ. வலி போயே போச்சுங்காவ. இன்னொண்ணு கெடைக்குமான்னு கேக்காவ...”

“அக்கா, அது வெறும் மெழுகு!”

“ஐயய்யோ, எங்க மாமியார்கிட்ட சொல்லிராத தாயி. திரும்ப வலி வந்துரும்!”

மாரீஸ்வரி சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கேட்ட ஒரு கேள்வி எங்களை உட்கார வைத்துவிட்டது.

“இத்தனை வருசத்துல, இந்த ஒரு மாசந்தான் நீங்க தெனமும் காலைக் கழுவித் துடைச்சு, எதையோ ஒண்ணைப் பூசியிருக்கீங்க. ஆறினது என் செடியாலயா? நீங்க கழுவினதாலயா? எப்படிச் சொல்ல?”

“உப்புப் போடாத குழம்பை ஒரு வாய் ருசி பாத்தாத்தான உப்போட அருமை தெரியும்?” என்றார் பேச்சியம்மாள், தனக்குத்தானே பேசுவது போல. “அந்த உப்பில்லாத குழம்பைத்தான் நாங்க கதவுல ஊத்திட்டோம்.”

கைடிடம் கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கினார் மாரீஸ்வரி. அதுதான் கடைசி. அதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் வெட்டுக்காயப் பூண்டுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

பனிக்காலம் வந்தது. பூசுவதை நிறுத்தியிருந்ததால் வெடிப்பும் சொன்ன சொல் தவறாமல் வந்தது. மாரீஸ்வரியும் வந்தார், புது டியூப்களோடு. கமிட்டியிடம் மறுபடி அனுமதி வாங்கி, இந்தத் தடவை இரண்டிலும் ஒரே எலுமிச்சைப்புல் வாசனை சேர்த்திருந்தார். பேச்சியம்மாள் இதை மோந்தார், அதை மோந்தார். மறுபடி இதை மோந்தார்.

“கெட்டிக்காரிதான்!” என்று மூடியைத் திருகினார்.

இன்னொன்றும் சொன்னார் மாரீஸ்வரி. “ஒரு காலை மட்டும் காயப் போடுறமேன்னு நீங்க நெனைக்கிறது எனக்குப் புரியுது. எல்லாம் முடிஞ்ச பொறவு எதுல மருந்துன்னு தெரியும்ல? அதை மத்த காலுக்கும் தாரேன். எந்தக் காலையும் விட்டுற மாட்டேன்.”

இதை வீட்டில் சொன்னதும் செல்விக்கு மனசு ஆறிவிட்டது. “அப்படிச் சொல்லு! ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னப் பின்னக் கெடைச்சாலும் எல்லாருக்கும் கெடைச்சிரும்ல? அப்ப அது பொறுமையா நிக்கட்டும்.”

அன்றிலிருந்து அவள்தான் காவல். “செவப்பு வலது! நீலம் எடது! ஏங்க, அது எடது காலு!” என்று டிராபிக் போலீஸ் மாதிரி நின்றாள்.

எல்லா வீட்டிலும் அதே கட்டுப்பாடு. பேச்சியம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கும்போதே ஆராய்ச்சி ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் எங்கள் எல்லார் முன்னாலும் மாரீஸ்வரிக்குப் போன் போட்டார்.

“தாயி, நேத்து ஆத்துல எறங்கிட்டேன். ஆனா சத்தியமா ரெண்டு காலையும் ஒண்ணு போலத்தான் நனைச்சேன். ஒரு காலுக்குச் சொட்டுத் தண்ணி கூடுதல் இல்ல!”

அந்தப் பக்கம் மாரீஸ்வரி சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

நாட்கள் போகப் போக என் கால்களில் ஒரு கூத்து நடந்தது. இடது கால் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. பேண்டேஜ் நூல் அதில் மாட்டவில்லை. வலது கால்? அதே கண்மாய். அதே பிளவு. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஊசி குத்துகிற மாதிரி வலி. எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் எதில் மருந்து என்று எனக்குத் தெரியாதே!

இரண்டு வாரத்துக்கு முன்னால், கடைசி நாள். மாரீஸ்வரி வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். போட்டோ எடுத்து முடித்தார்.

“போட்டோ வெடிப்பைக் காட்டும். வலியைக் காட்டாது. அதை நீங்கதான் சொல்லணும்,” என்றவர், முதல் பெண்ணிடம் கேட்டார். “வலது கால் எப்படிக்கா?”

“நல்லா இருக்கு தாயி.”

“எடது?”

“அதுவும் நல்லா இருக்கு.”

அடுத்த பெண்ணும் அதே பாட்டு. அடுத்த ஆள் நான். பேச்சியம்மாள் என் காதருகே குனிந்தார்.

“அண்ணே, நம்ம எல்லாரும் பேசி வச்சிருக்கோம். எதுல மருந்துன்னு நமக்குத் தெரியாது. வலது சரியில்லன்னு நீங்க சொல்லி, வலதுலதான் மருந்து இருந்துச்சுன்னா? புள்ள படிப்பு போயிரும்ல? அதனால ரெண்டும் நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. வம்பே இல்ல.”

எவ்வளவு அன்பான சதி!

எனக்கும் அதுதான் சுலபம். நான் வாழ்க்கையில் யார் முகத்துக்கு எதிரேயும் ‘இல்லை’ சொன்னவனா? சலூனில் முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலைக்குக் கண்ணாடி காட்டி “ஓகேவா?” என்று கேட்பார்களே... அங்கே என்ன தெரிந்தாலும் ஓகேதான். டீயில் சீனி போட மறந்தாலும் “டீ எப்படி அண்ணாச்சி?” என்றால் பிரமாதம்தான். நாம் எல்லாருமே அப்படித்தானே? எதிரே நிற்பவர் முகம் வாடக் கூடாது. அதற்காக உண்மை கொஞ்சம் வாடினால் பரவாயில்லை.

மாரீஸ்வரி எங்கள் கிசுகிசுப்பைக் கவனித்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“நீங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துப் பாத்துத்தான் பதில் சொல்றீங்க. இனிமே என் முதுகைப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு நல்லது வேண்டாம். உள்ளது வேணும். அண்ணாச்சி, வலது கால் எப்படி?”

முதுகு. அதில் புன்னகையும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஒரு பின்னல், அதில் வாடிய ஒரு முழப் பூ. அவ்வளவுதான்.

முதுகைப் பார்த்துப் பேசுவது எழுதுவது மாதிரி இருந்தது. எழுத எனக்கு வரும்.

“இல்லம்மா,” என்றேன். “வலது கால் சரியாகல. வெடிப்பு அப்படியேதான் இருக்கு. மொத அடி வைக்க முடியல.”

பேச்சியம்மாள் என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார்.

“எடது?” என்றது முதுகு.

“எடது நல்லா ஆறியிருக்கு. நூல்கூட மாட்டல.”

கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணின் படிப்பை என் குதிகால் கெடுத்துவிட்டது!

மாரீஸ்வரி திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க!”

“எதை?”

“அந்த இல்லையை!”

சொன்னேன். அப்போதுதான் அந்தக் கைதட்டல். சின்னப் பிள்ளை மாதிரி.

“ரெண்டு காலும் வேற வேறன்னு மொத தடவையா ஒரு மனுசன் சொல்லியிருக்காரு! எதுல மருந்துன்னு எனக்குத் தெரியாது. வலதுல இருந்தாலும் இருக்கட்டும். ஆனா இப்பத்தான் இது ஆராய்ச்சி!”

இத்தோடு முடிந்திருந்தால் நம் ஊர் ஆட்கள் இல்லையே? ‘இல்லை’ என்று சொன்னால் இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷமா? பேச்சியம்மாள் முந்திக்கொண்டார்.

“அப்ப எனக்கும் இல்ல தாயி! எடது கால் சுத்தமா இல்ல!”

“எனக்கு ரெண்டு காலுமே இல்ல!” என்றது இன்னொரு குரல்.

“நான் மொதல்ல நல்லா இருக்குன்னு சொன்னேன்ல, அதை அழிச்சிரு தாயி. எனக்கும் இல்ல!”

“ஐயோ!” மாரீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டார். “எனக்காக இல்லைன்னும் சொல்லாதீங்க! உள்ளதைச் சொல்லுங்க!”

கடைசியில் எல்லாரையும் ஹாலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டு முடித்தார். வெளியே போன பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சைகை காட்டாமல் இருக்க என்னைக் காவல் போட்டார். என்னை! நான் யாரை அதட்ட? முடிந்தவரை ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் வந்து முடிவைச் சொன்னார். கைடு ரகசியத்தைத் திறந்துவிட்டார். பெரும்பாலானவர்களுக்கு மருந்து பூசிய காலில்தான் நல்ல மாற்றம். என் இடது காலில் இருந்தது வெட்டுக்காயப் பூண்டேதான். சிலருக்கு இரண்டு காலும் ஒன்று போலவே இருந்ததாம். பேச்சியம்மாளுக்கு நேர்மாறு. மெழுகு பூசிய கால் ஆறியிருக்கிறது, மருந்து பூசிய கால் ஆறவில்லை!

“உங்க கைடு என்னம்மா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“செடியை விட வேண்டாம்னுட்டாரு அண்ணாச்சி! இது சின்ன அளவுல பாத்ததுதான், அடுத்து இன்னும் நெறையப் பேர்கிட்ட பாப்போம்னாரு.”

கம்பெனியே கைதட்டியது. முதலாளி எல்லாருக்கும் வடையும் டீயும் சொன்னார். மாரீஸ்வரி பையைத் திறந்தார். இந்தத் தடவை நிஜமாகவே பால்கோவா!

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. “அந்தப் பேச்சியம்மா கால் விஷயத்தைச் சொல்லாம விட்டுரலாமேம்மா? மத்ததெல்லாம் நல்லாத்தான வந்திருக்கு?”

“அதையும் எழுதணும் அண்ணாச்சி. அந்த ஒரு காலை ஒளிச்சு வச்சா மத்த காலையெல்லாம் யாரு நம்புவா? இந்தச் செடி நல்லதுன்னு சொல்ல ஊருக்குள்ள ஆயிரம் பேர் இருக்காங்க. எம்புட்டு நல்லது, யாருக்கு நல்லது, யாருக்கு இல்லைன்னு சொல்லத்தான ஆள் இல்ல?”

யோசித்துப் பார்த்தேன். என் போனுக்கு விடிந்தால் ஒரு மூலிகை வருகிறது. இதைக் குடித்தால் சர்க்கரை பறந்து போகும். அதை மென்றால் கல் கரைந்து ஓடும். பலித்ததாக நினைக்கிறவர் நாலு குரூப்புக்கு அனுப்பிவிடுகிறார். பலிக்காதவர்? அவர் என்னைப் போன்றவர். அனுப்பியவர் மனசு நோகுமே என்று சும்மா இருந்துவிடுகிறார். ‘இந்தக் கஷாயத்தைக் குடித்தேன், ஒன்றுமே நடக்கவில்லை, நண்பர்களுக்குப் பகிரவும்’ என்று ஒரு செய்தியாவது உங்களுக்கு வந்திருக்கிறதா? வந்திருக்காது. செடிகளில் குணம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எது குணம், எது நம் அன்பு என்று பிரித்துச் சொல்ல, ‘இல்லை’ என்று சொல்கிற நாலு பேரும் வேண்டியிருக்கிறது.

பேச்சியம்மாளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. சொன்னபடி எல்லாருக்கும் மற்றக் காலுக்கு மருந்து டியூப் கொடுத்துக்கொண்டு வந்தார் மாரீஸ்வரி. பேச்சியம்மாள் கையை நீட்டவில்லை.

“எனக்கு அந்த மெழுகையே குடு தாயி. எனக்கு அதான் ஒத்துக்கிட்டுது. உன் செடியில ஒண்ணுமில்ல. உள்ளதைச் சொல்லச் சொன்னேல்ல? சொல்லிட்டேன்!”

மாரீஸ்வரி அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

“நீங்க இதைப் பத்தி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒண்ணை மட்டும் மறக்காம எழுதிருங்க. இதைப் படிச்சிட்டு யாரும் செடியைப் பறிச்சு அரைச்சுப் பூசிரக் கூடாது. பச்சையாப் பூசினா சிலருக்கு அரிக்கும், புண்ணாகும். நான் குடுத்தது சத்தைப் பிரிச்சு எடுத்த களிம்பு. இன்னும் எம்புட்டோ பாக்க வேண்டியிருக்கு.”

சத்தமாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். “சரி தாயி, சரி தாயி” என்று எல்லாரும் சொன்னார்கள். பேச்சியம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறேன்... கம்பெனி காம்பவுண்டுச் சுவர் ஓரம் மழித்து எடுத்த மாதிரி கிடக்கிறது. வெட்டுக்காயப் பூண்டு ஒரு காம்புகூட மிச்சமில்லை!

விசாரித்தேன். முதலில் வந்து மடி நிறையப் பறித்துக்கொண்டு போனது, பேச்சியம்மாளாம்.